கிறிஸ்டினா ஃபோகலின் லண்டன் தங்கம் வெறும் அதிர்ஷ்டமா?

6 ஆகஸ்ட் 2024, காலை. இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி

நேற்றிரவு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜெர்மானியப் பெண்களுக்கு டிராக் சைக்கிள் குழு ஸ்பிரிண்ட்டில் வெண்கலம்தான் கிடைத்தது. இந்தப் பிரிவில் அவர்களுக்கு இருக்கும் ஒரே ஒலிம்பிக் தங்கம் 2012-இல் லண்டனில் வந்தது. அதுவும் எதிரணிகள் விதியை மீறியதால் கைக்கு வந்ததுதானே? அன்று வென்ற கிறிஸ்டினா வோகலை இன்று எல்லோரும் புகழ்வதற்கு அவர் சக்கர நாற்காலியில் இருப்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் யாராவது திருத்துங்கள்.

6 ஆகஸ்ட் 2024, இரவு 10.40

தம்பி, முதலில் பெயரைத் திருத்திவிடுகிறேன். ஜெர்மன் மொழியில் அதை ஃபோகல் என்றுதான் சொல்வார்கள். பறவை என்று பொருள். நான் 11 ஆண்டுகளாக ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் வசிக்கிறேன். வந்த புதிதில் நானும் உங்களைப் போலவே வோகல் என்று சொல்லி, அலுவலகத்தில் எல்லோரும் சிரித்த பிறகுதான் மாற்றிக்கொண்டேன்.

கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. லண்டனில் ஃபோகலும் மிரியம் வெல்டேயும் சேர்ந்த அணிக்கு இரண்டு முறை எதிரணியின் தவறு உதவியது. முதல் சுற்றில் பிரிட்டன் தகுதியிழந்ததால்தான் ஜெர்மனி இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது. இறுதிப் போட்டியில் கோட்டை முதலில் தாண்டியது சீனா. கொண்டாட்டம் தொடங்கிய பிறகு நடுவர்களின் முடிவு வந்தது. சீன அணியின் மாற்றம் குறித்த இடத்துக்கு முன்பே நடந்துவிட்டது என்று சொல்லித் தங்கத்தை ஜெர்மனிக்குக் கொடுத்தார்கள்.

மறுபாதியை நாளை எழுதுகிறேன். காலையில் வேலைக்குப் போக வேண்டும்.

7 ஆகஸ்ட் 2024, மாலை

மாற்றம் என்றால் என்ன என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லாமல் மேலே போனால் இந்தத் தங்கத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

அன்றைய விதிப்படி பெண்கள் குழு ஸ்பிரிண்ட்டில் இருவர், இரண்டே சுற்றுகள். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு முன்னவர் ஒரு சுற்று முழுவதும் காற்றைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். பின்னவர் அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு வருவார். ஒரு சுற்று முடியும் கோட்டருகே முன்னவர் மேலே விலகுவார், பின்னவர் தனியாக இரண்டாம் சுற்றை முடிப்பார். முன்னவர் சற்று முன்னதாக விலகினால் பின்னவருக்கு வழி சீக்கிரம் திறந்துவிடும். அப்படித் திருடக்கூடிய நேரம் நொடியின் சிறு துண்டுதான் என்றாலும், இந்தப் போட்டியில் வெற்றி தோல்வியே அந்தச் சிறு துண்டில்தான் இருக்கிறது. லண்டன் இறுதியில் சீனாவுக்கும் ஜெர்மனிக்கும் இருந்த இடைவெளி கால் நொடிகூட இல்லை.

ஆகவே அந்த விதி ஓரத்தில் எழுதிவைத்த சட்டநுணுக்கம் அல்ல. 100 மீட்டர் ஓட்டத்தில் துப்பாக்கி வெடிக்கும் முன் கிளம்பியவரை வெளியேற்றினால், இரண்டாவதாக வந்தவருக்குத் தங்கம் இலவசமாகக் கிடைத்தது என்று யாரும் சொல்வதில்லை. சரியாக விலகுவதும் இந்தப் போட்டியில் ஒரு திறமை. வெல்டே சரியான இடத்தில் விலகினார்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இருவரும் அதே 2012 ஏப்ரலில் மெல்பர்னில் குழு ஸ்பிரிண்ட் உலகப் பட்டத்தை வென்றவர்கள். அடுத்த ஆண்டு மின்ஸ்க்கிலும் வென்றார்கள், 2014-இல் கொலம்பியாவின் காலியிலும் வென்றார்கள். இவர்களை எங்கிருந்தோ வந்து தங்கத்தை அள்ளிச் சென்றவர்கள் என்று சொல்ல முடியாது.

7 ஆகஸ்ட் 2024, இரவு

மேலே எழுதியதை வாசித்துப் பார்த்தேன். கொஞ்சம் வக்கீல் வாதம் போல இருக்கிறது. சீனப் பெண்கள் அன்று வேகமாக ஓட்டினார்கள் என்பதை மறைக்க நினைக்கவில்லை. போட்டிக்கு முன் என்னிடம் பணயம் கட்டச் சொல்லியிருந்தால் நானும் சீனாவின் மீதுதான் கட்டியிருப்பேன்.

9 ஆகஸ்ட் 2024

"அவர் ஜெர்மனியில் பிறந்தவரே இல்லையே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். 1990 நவம்பர் 10 அன்று, அப்போது சோவியத் ஒன்றியத்தின் பகுதியாக இருந்த கிர்கிஸ்தானின் லெனின்ஸ்கோயே என்ற ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஜெர்மனிக்கு வந்துவிட்டது. வளர்ந்தது துரிங்கியாவின் ஸோமர்டா என்ற சிறு நகரத்தில். பயிற்சி எல்லாம் மாநிலத் தலைநகரான எர்ஃபர்ட்டில். ரஷ்யப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்து சோவியத் உடைந்த காலத்தில் திரும்பி வந்த ஜெர்மானிய வம்சாவளிக் குடும்பங்கள் இந்த மாநிலத்தில் ஏராளம். என் அடுக்குமாடியிலேயே இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன, பாட்டிகள் மாடிப்படியில் ரஷ்ய மொழியில்தான் சண்டை போடுவார்கள்.

எர்ஃபர்ட்டில் ஆண்ட்ரியாஸ்ரீட் என்ற சைக்கிள் தளம் 1885-இல் தொடங்கப்பட்டது. உலகில் இன்னும் பயன்பாட்டில் இருக்கும் மிகப் பழைய தளங்களில் அதுவும் ஒன்று. இந்த ஊரில் ஒரு சிறுமி டிராக் சைக்கிள் ஓட்டப் போனாள் என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம்மூர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையை எடுப்பது போலத்தான்.

10 ஆகஸ்ட் 2024, காலை

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த இழையில் எனக்கு முக்கியமானது.

ஃபோகலைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் 2018-ஐ நடுவில் வைத்து அவர் வாழ்க்கையை இரண்டாக வெட்டுகிறார்கள். அவருக்கு முதல் பெரிய விபத்து 2009 மே மாதத்திலேயே நடந்துவிட்டது. அப்போது வயது 18. இளையோர் பிரிவில் உலகப் பட்டங்களை வென்று முடித்துப் பெரியவர்கள் பிரிவுக்கு வந்த நேரம். எர்ஃபர்ட் அருகே சாலையில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது ஒரு வேன் மோதியது. முதுகெலும்பிலும் கையிலும் தாடையிலும் முறிவு, பற்கள் போயின, இரண்டு நாள் கோமாவில் இருந்தார். வேன் மாநிலக் காவல்துறையைச் சேர்ந்தது. ஃபோகலோ கூட்டாட்சிக் காவல்துறையில் பணியாற்றியவர். இதை ஒரு கதையில் எழுதினால் ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதிலிருந்து எழுந்து வந்தவர்தான் மூன்று ஆண்டுகளில் லண்டனில் நின்றார். தம்பி, அவருடைய அதிர்ஷ்டத்தைக் கணக்குப் பார்ப்பதாக இருந்தால் நீங்கள் வரவை மட்டும் எழுதிவிட்டுப் பற்றுப் பக்கத்தை மூடிவைத்துவிட்டீர்கள்.

10 ஆகஸ்ட் 2024, மாலை

விபத்துக்கான இழப்பீடு பற்றிக் கேட்டவருக்கு: அது உடனே தீரவில்லை, ஆண்டுக்கணக்கில் இழுத்துத்தான் கிடைத்தது. எனக்கு அதில் வியப்பில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நின்றிருந்த காரின் கதவு திடீரென்று திறக்க, அதில் மோதி என் இடது மணிக்கட்டு முறிந்தது. கார்க்காரரின் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய முதல் கடிதத்தில், நான் கதவிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளிச் சென்றேன், அதற்கு என்னிடம் சான்று உண்டா என்று கேட்டிருந்தார்கள். விழுந்துகொண்டிருக்கும்போது அளவுநாடாவை எடுக்க மறந்துவிட்டேன் என்று பதில் எழுத நினைத்து, கணவர் தடுத்ததால் எழுதவில்லை. ஒரு மணிக்கட்டுக்கே 14 மாதம் ஆயிற்று.

12 ஆகஸ்ட் 2024

நேற்று பெண்கள் தனிநபர் ஸ்பிரிண்ட்டில் ஜெர்மனியின் லெயா ஃப்ரீட்ரிஷ் வெள்ளி வென்றார், நியூசிலாந்தின் எல்லெஸ் ஆண்ட்ரூஸ் தங்கம் வென்றார். பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. போட்டி நடந்த அதே சான்-கோந்தான்-ஆன்-இவ்லின் தளத்தில்தான் 2015-இல் ஃபோகல் ஸ்பிரிண்ட் உலகப் பட்டத்தை வென்றார்.

ஸ்பிரிண்ட் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இருவர் மோதுவார்கள், மூன்றில் இரண்டு ஓட்டங்களை வெல்ல வேண்டும். முதல் சுற்றைப் பார்த்தால் இது வேகப் போட்டி என்றே நம்ப மாட்டீர்கள். முன்னால் போகிறவர் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடை வேகத்தில் உருட்டுவார். பின்னால் வருபவர் சரிவில் மேலே ஏறி நிற்பார். சிலர் பெடலை அசைக்காமல் சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டுவார்கள், எதிராளியை முன்னே தள்ளிவிடத்தான் அந்த வித்தை. பின்னால் இருப்பவருக்குக் காற்று மறைவு கிடைக்கும், எதிராளியின் ஒவ்வொரு அசைவும் தெரியும். கபடியில் ஏறி வருகிறவரை மூலையிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பவரின் பொறுமை இதற்கு வேண்டும். பிறகு ஒருவர் பாய்வார், 10 அல்லது 11 நொடியில் எல்லாம் முடிந்துவிடும்.

ஃபோகல் லண்டனில் இந்தப் பிரிவில் நான்காவதாக வந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ரியோவில் தங்கம் வென்றார். தனிநபர் ஸ்பிரிண்ட்டில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஜெர்மானியப் பெண் அவர்தான். நடுவில், 2013 டிசம்பரில், மெக்சிகோவின் அகுவாஸ்காலியென்டெஸ் தளத்தில் 200 மீட்டரை 10.384 நொடியில் கடந்து உலகச் சாதனை படைத்தார். மணிக்கு ஏறத்தாழ 69 கி.மீ. வேகம் அது. அந்த ஊர் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிந்திருக்கும், நேரம் குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதையும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

ரியோ இறுதியில் எதிராளி பிரிட்டனின் பெக்கி ஜேம்ஸ். இரண்டாவது ஓட்டத்தில் கோட்டுக்கு ஒரு சுற்று முன்பே ஃபோகலின் சைக்கிளில் சீட் கழன்று விழுந்துவிட்டது. சீட் இல்லாமலே வென்றார்.

12 ஆகஸ்ட் 2024, அரை மணி நேரம் கழித்து

காணொளியை மறுபடி பார்த்தேன். மேலே கடைசியில் எழுதியது தவறு, என் நினைவு கதையை அழகுபடுத்திவிட்டது. சீட் பெயர்ந்தது ஒரு சுற்று முன்பு அல்ல, கோட்டை எட்டும் அந்தக் கடைசிப் பாய்ச்சலில்தான்.

அந்தப் பாய்ச்சலுக்கு ஜெர்மானிய வீரர்கள் வைத்திருக்கும் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் அதைப் புலிப்பாய்ச்சல் என்கிறார்கள். கோட்டுக்குச் சற்று முன் உடலைப் பின்னுக்கு இழுத்து, இரு கைகளையும் நீட்டிச் சைக்கிளை முன்னே எறிவது. உடல் பின்னே போக முன்சக்கரம் முன்னே போகும். பார்க்கப்படுவது முன்சக்கரத்தின் விளிம்பு மட்டும் என்பதால் சில செ.மீ. லாபம். ஃபோகல் அப்படி எறிந்ததில் சீட் தெறித்தது. கோட்டைத் தாண்டிய பின், சீட் இல்லாத சைக்கிளில், பிரேக் இல்லாமல், பெடல்கள் சுழன்றுகொண்டே இருக்க, விழாமல் வந்து சேர்ந்தார். வென்றதைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

13 ஆகஸ்ட் 2024

"அக்கா, பிரேக் இல்லாமலா?" என்று கேட்டிருக்கும் தம்பிக்கு: ஆமாம், இல்லவே இல்லை. ஒரே ஒரு கியர், பின்சக்கரத்தோடு நிலையாகப் பிணைத்திருக்கும். சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழலும். நம் சாதாரணச் சைக்கிளில் போல மிதிப்பதை நிறுத்திவிட்டு உருண்டு போக முடியாது.

இதை நான் வாசித்துத் தெரிந்துகொண்டதோடு நில்லாமல் உடம்பாலும் தெரிந்துகொண்டேன். 2019-இல் ஒரு தளத்தில் பொதுமக்களுக்கு ஒரு மணி நேர அறிமுகப் பயிற்சி இருந்தது. சைக்கிளும் ஷூவும் வாடகைக்குக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் எங்களிடம் சொன்ன ஒரே அறிவுரை, காலை நிறுத்தாதீர்கள் என்பது. பத்துச் சுற்று ஒழுங்காகப் போனேன். பிறகு களைப்பில், முப்பது ஆண்டுப் பழக்கத்தில், கால் தானாக ஒரு கணம் நின்றது. மாடு உதைத்தது போலச் சைக்கிள் என்னைப் பின்னாலிருந்து தூக்கியது. விழவில்லை, ஆனால் தொண்டையில் ஏறிய இதயம் கீழே இறங்க இன்னும் பத்துச் சுற்று ஆயிற்று.

சரிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 250 மீட்டர் தளங்களில் வளைவு 40 பாகைக்கும் மேல் சாய்ந்திருக்கும். தொலைக்காட்சியில் தெரியாது. கீழே நின்று பார்த்தால் அது தளம் போலவே இருக்காது, சுவர் போல இருக்கும். மெதுவாகப் போனால் சறுக்கிவிடும், ஆகவே அங்கே பாதுகாப்பு என்பதே வேகம்தான். பயந்தவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

18 ஆகஸ்ட் 2024

ஐந்து நாளாக இதைத் தள்ளிப்போட்டேன்.

2018 ஜூன் 26, செவ்வாய்க்கிழமை. கொட்பஸ் நகரின் கான்கிரீட் தளத்தில் பயிற்சி. ஏறத்தாழ நான்கு மாதத்துக்கு முன்புதான் நெதர்லாந்தின் அபெல்டோர்னில் ஸ்பிரிண்ட், குழு ஸ்பிரிண்ட் இரண்டிலும் தங்கம் வென்று, 11 உலகப் பட்டங்களுடன் ஆஸ்திரேலியாவின் அன்னா மியர்ஸின் சாதனையைச் சமன் செய்திருந்தார். 27 வயது. முழு வேகத்தில், மணிக்கு 60 கி.மீ. அளவில், வந்துகொண்டிருந்தார். தளத்தில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஓர் இளையோர் வீரர் நின்ற நிலையிலிருந்து புறப்படும் பயிற்சிக்காக நின்றிருந்தார். ஃபோகல் அவர்மீது மோதிக் கான்கிரீட்டில் விழுந்தார். ஏழாவது மார்பு முள்ளெலும்பருகே தண்டுவடம் அறுந்துபோனது.

விழுந்து கிடந்தபோது தன் ஷூக்களை யாரோ கையில் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்ததாகவும், அவற்றைக் கழற்றியது தனக்குத் தெரியவே இல்லை என்பதை வைத்து இனி நடக்க முடியாது என்று அப்போதே புரிந்துகொண்டதாகவும் பின்னர் பேட்டிகளில் சொன்னார். டிராக் ஷூவை அந்த வாடகைக்காரர்களிடம் நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். காலை இறுக்கிப் பிடிக்கும், அடியில் பெடலோடு கவ்விக்கொள்ளும் கட்டை இருக்கும், ஒரு பக்கமாகத் திருகி இழுத்தால்தான் விடும். அதைக் கழற்றுவதை ஒருவர் உணராமல் இருக்க முடியாது. அந்தப் பேட்டியை வாசித்த நாளில் நான் அத்தோடு நிறுத்திவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

19 ஆகஸ்ட் 2024

நின்றிருந்த வீரர்மீது தவறா, பயிற்சியாளர்கள்மீதா, தள நிர்வாகத்தின்மீதா என்று இரண்டு பேர் கீழே சண்டையைத் தொடங்கியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். நாம் யாரும் அங்கே இல்லை. ஒரே தளத்தில் 60 கி.மீ. வேகத்தில் வருபவரும் நின்று புறப்படுபவரும் ஒரே நேரத்தில் பயிற்சி செய்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் யோசிக்கிறேன். ஸ்பிரிண்ட் வீரர் முழு வேகத்தில் தலையைக் கவிழ்த்திருப்பார், அவர் பார்ப்பது சக்கரத்துக்கு முன்னால் உள்ள கருப்புக் கோட்டைத்தான். அந்த வேகத்தில் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போய்விடும். பிரேக் இல்லை.

2 செப்டம்பர் 2024

விபத்துக்குப் பின் பெர்லினில் உள்ள விபத்துச் சிகிச்சை மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்தார். 2018 செப்டம்பரில் தன் நிலையைத் தானே வெளியே சொன்னார், பத்திரிகையாளர்களையும் சந்தித்தார். நான் அன்று அதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அழுதுகொண்டே பார்க்கத் தயாராக உட்கார்ந்திருந்த எனக்கு ஏமாற்றம். அவர் சிரித்தார், கிண்டலடித்தார், சிகிச்சையைப் பற்றிப் பயிற்சித் திட்டத்தை விவரிப்பது போலவே பேசினார். அப்போது அது எனக்குச் செயற்கையாகப் பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். யாரோ சொல்லிக்கொடுத்த தைரியம் என்று நினைத்தேன்.

அந்த எண்ணம் மாறியதற்குக் காரணம் என் அலுவலகத் தோழி. அவளும் சக்கர நாற்காலியில் வருபவள், காயமும் ஏறத்தாழ அதே உயரத்தில். நான் நினைத்திருந்தது போல நடக்க முடியாமல் போனது அவளுக்கு முதல் சிக்கலாக இருக்கவில்லை. மார்புக்குக் கீழே தசைகள் கேட்காதபோது உடம்பை நிமிர்த்திப் பிடிப்பதற்கே ஆளில்லை. உட்கார்ந்த நிலையில் ஒரு கையை நீட்டிக் கோப்பையை எடுத்தால் உடல் அந்தப் பக்கமாகவே சாய்ந்துவிடும். ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சட்டை மாட்டுவதற்கு அவள் எத்தனை வாரம் எடுத்துக்கொண்டாள் என்று சொன்னபோது, ஃபோகல் உட்காருவதைப் பயிற்சி போலப் பேசியது நினைவுக்கு வந்தது. அது வேறெப்படிப் பேசக்கூடிய விஷயமும் அல்ல. தினமும் செய்ய வேண்டும், நேற்றைவிட இன்று எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஃபோகலுக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்து தெரிந்த வேலை அது.

3 செப்டம்பர் 2024

என் தோழி மேலே எழுதியதை வாசித்துவிட்டு, "உன் தத்துவத்தைவிட எர்ஃபர்ட்டின் கற்களைப் பற்றி எழுது" என்றாள். எழுதுகிறேன்.

எர்ஃபர்ட்டின் பழைய நகரப்பகுதி முழுவதும் கல் பாவியது. அழகானது, சுற்றுலாப் பயணிகள் படமெடுப்பார்கள். சக்கர நாற்காலியின் முன்பக்கச் சிறு சக்கரங்கள் அந்தக் கற்களின் இடுக்கில் சிக்கும். சிக்கினால் நாற்காலி நின்றுவிடும், ஆள் முன்னே போய்விடுவார். ஆகவே அவள் முன்சக்கரங்களைத் தூக்கி, பின்சக்கரங்கள் இரண்டின் மேல் சமநிலையில் சாய்ந்தபடியே அந்தத் தெருவைக் கடப்பாள். டிராமின் தண்டவாளத்தைக் குறுக்காகத்தான் கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். இது சைக்கிள்காரர்களுக்கும் தெரிந்த பாடம்.

இந்த ஊரின் நகர மன்றத்துக்குத்தான் 2019 மே மாதம் ஃபோகல் தேர்ந்தெடுக்கப்பட்டார், கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம் என்ற கட்சியின் பட்டியலில். விபத்து நடந்து ஓர் ஆண்டுகூட முடியவில்லை.

3 செப்டம்பர் 2024, இரவு

"அது அனுதாப வாக்குதானே அக்கா" என்கிறார் அதே தம்பி. நீங்கள் விடமாட்டீர்கள்.

இருக்கலாம். ஒலிம்பிக் வென்ற யாருக்கும் வாக்கு சுலபமாக விழும், அனுதாபமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அந்தக் கட்சிக்கு நான் வாக்களிப்பவள் அல்ல, ஆகவே எனக்கு அவருக்காக வாதாட வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் நகர மன்றம் என்பது குப்பைக் கட்டணம், பள்ளிக்கூடக் கூரை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைப் பற்றி மாலை முழுதும் உட்கார்ந்து பேசும் இடம். கைதட்டல் வேண்டியவர்கள் போகிற இடம் அல்ல.

தொலைக்காட்சிப் பணியில்தான் அவருடைய அறிவு எனக்கு முழுதாகத் தெரிந்தது. டோக்கியோ ஒலிம்பிக் 2021-இல் நடந்தபோது செட்.டே.எஃப். தொலைக்காட்சியில் நிபுணராக இருந்தார். எம்மா ஹின்ட்சேயும் லெயா ஃப்ரீட்ரிஷும் குழு ஸ்பிரிண்ட்டில் வெள்ளி வென்ற நேரம். ஸ்பிரிண்ட் ஓட்டங்களைப் பார்க்கும்போது யார் எந்தக் கணத்தில் பாய்வார் என்று நான் வீட்டில் உட்கார்ந்து ஊகிப்பது வழக்கம், பெரும்பாலும் தவறும். அவர் பேசுவதைக் கேட்ட பிறகு முன்னால் போகிறவரின் தோளைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். இப்போது மூன்றில் ஒன்றாவது சரியாக வருகிறது.

12 செப்டம்பர் 2024

ஒரு பெரியவர், "ஃபோகலுக்கு முன் ஜெர்மனியில் சைக்கிள் வீராங்கனைகளே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். இருந்தார்கள், ஐயா. கிறிஸ்டா ரோத்தன்பர்கர் என்ற கிழக்கு ஜெர்மானிய வீராங்கனை 1988 பிப்ரவரியில் கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் 1000 மீட்டர் வேகச் சறுக்கலில் தங்கம் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் சியோலில் சைக்கிள் ஸ்பிரிண்ட்டில் வெள்ளி வென்றார். ஒரே ஆண்டில் குளிர்காலம், கோடைக்காலம் இரண்டு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வென்றவர் அவர் ஒருவர்தான். இரண்டு போட்டிகளும் இப்போது வெவ்வேறு ஆண்டுகளில் நடப்பதால் இனி யாராலும் முடியாது. தொடைகள்தான் பொதுக் காரணம். பனிச்சறுக்கு வீரர்களும் ஸ்பிரிண்ட் சைக்கிள்காரர்களும் ஜீன்ஸ் வாங்கப் படும் பாடு ஒன்றே.

15 செப்டம்பர் 2024

லண்டன் தங்கத்தைப் பற்றி எழுதிக்கொண்டே வந்தபோது ஒன்று விட்டுப்போனது. அதே ஜெர்மானியர்களுக்கு இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது.

1968, மெக்சிகோ ஒலிம்பிக். ஆண்கள் நால்வர் குழுத் துரத்தல் போட்டியின் இறுதியில் மேற்கு ஜெர்மனியும் டென்மார்க்கும் மோதின. ஜெர்மானியர்கள் முந்தி முடித்தார்கள். ஆனால் ஓட்டத்தின் நடுவே யூர்கன் கிஸ்னரின் கை, தன் அணியைச் சேர்ந்த கார்ல்-ஹைன்ட்ஸ் ஹென்ரிக்ஸின் முதுகில் பட்டுவிட்டது. தள்ளிவிட்டு உதவுவது விதிமீறல் என்று தகுதியிழப்பு. தங்கம் டென்மார்க்குக்குப் போனது, வெள்ளியும் பிறகுதான் ஜெர்மானியர்களிடம் வந்தது. கிஸ்னர் 1964-இல் கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்குக்கு ஓடி வந்தவர் என்பதால் அந்தக் கைக்குப் பின்னால் என்னென்னவோ கதைகள் கிளம்பின.

சீனாவின் தகுதியிழப்பை நியாயம் என்று நான் 7-ஆம் தேதி வாதிட்டேன். அப்படியானால் இதையும் நியாயம் என்று சொல்ல வேண்டும். ஆனால் என் மனம் கிஸ்னர் பக்கம்தான் போகிறது. சீனப் பெண்கள் முன்னதாக மாறியதில் நேரம் மிச்சமானது. ஒரு கை முதுகில் பட்டதால் யாருக்கு என்ன மிச்சமானது?

10 நவம்பர் 2024

இன்று ஃபோகலுக்கு 34 வயது. இழை இரண்டு மாதமாகத் தூங்கிவிட்டது, நான் ஒரு கணக்கை முடிக்க வந்தேன். 11 பட்டங்களையும் பட்டியலிடச் சொன்னவர் இன்னும் காத்திருந்தால்: ஸ்பிரிண்ட் 2014, 2015, 2017, 2018. குழு ஸ்பிரிண்ட் 2012, 2013, 2014, 2018. கெய்ரின் 2014, 2016, 2017. இந்தப் 11-இல் எதிரணியின் தகுதியிழப்பால் வந்தது என்று யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

கெய்ரின் ஜப்பானில் 1948-இல் பந்தயம் கட்டும் போட்டியாகத் தொடங்கியது. ஒரு மோட்டார் வண்டி முன்னே போய் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, கடைசிச் சுற்றுகளில் விலகிவிடும். பிறகு எல்லோரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பாய்வார்கள். அதிர்ஷ்டம் பற்றிப் பேசுவதாக இருந்தால் இந்தப் போட்டியில்தான் பேசியிருக்க வேண்டும், முன்னால் ஒருவர் விழுந்தால் பின்னால் மூவர் விழுவார்கள். அதில் மூன்று பட்டம் வாங்கியிருக்கிறார்.

கேள்வி கேட்ட தம்பி, நான் சொன்னதை முழுவதும் ஏற்றுக்கொண்டதாக நேற்றிரவு எழுதியிருந்தீர்கள். அவ்வளவு சீக்கிரம் ஏற்க வேண்டாம். ஹென்ரிக்ஸின் முதுகில் கிஸ்னரின் கை பட்டதா தள்ளியதா என்று நான் அந்தப் பழைய படத்தை இந்த வாரம் மட்டும் நான்கு முறை பார்த்தேன். இரண்டு முறை பட்டது, இரண்டு முறை தள்ளியது.